மக்காச்சோள மூட்டையில் பச்சைப் பூஞ்சணம்: வேப்பிலை, நொச்சி, கிராம்பு எண்ணெய் ஏதாவது கேட்குமா?

கரிசல்காட்டான், பெரம்பலூர் மாவட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு வேப்பந்தட்டைப் பக்கம் மூன்றரை ஏக்கர் மானாவாரி. புரட்டாசியில் மக்காச்சோளம் போட்டு, தையில் கதிர் ஒடித்தோம். ஒடித்துக் குவித்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாத தூறல். மேலே படுதா போட்டு மூடினோம், ஆனால் அம்பாரத்துக்கு அடியில் தண்ணீர் ஓடியதை யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்ததும் மெஷின் வைத்து அடித்துவிட்டோம். 82 மூட்டை கண்டது. வியாபாரி ஈரம் பார்க்கும் மெஷினில் போட்டுவிட்டு 17 சதவீதம் என்றார். ஈரத்துக்கென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்துக்கொண்டு 68 மூட்டையை ஏற்றிப் போனார். 14 மூட்டையை வீட்டுக்கு நிறுத்திக்கொண்டோம். கறவை மாடு இரண்டு, நாட்டுக்கோழி அறுபது சொச்சம், வாத்து எட்டு. வருஷம் முழுக்க அவற்றுக்கு இதுதான் தீனி.

கொட்டகையில் சிமெண்ட் தரை. சுவர் ஓரமாக அடுக்கி வைத்திருந்தோம். மாசிக் கடைசியில் அடி மூட்டை ஒன்றை எடுக்கப் போனால் கை வைத்த இடம் சூடாக இருந்தது. பிரித்தால் மக்கிய வாடை. மணிகள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, மேலே பச்சைப் பொடி. 14 மூட்டையில் 5 மூட்டை இப்படி. இது தெரிவதற்கு முன்பே இரண்டு வாரமாக அதே அடுக்கிலிருந்துதான் தீனி போட்டிருக்கிறோம். வாத்து மூன்று செத்துவிட்டது, கோழி இரண்டு. மற்றவை சுணங்கி நிற்கின்றன.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இந்த ஐந்து மூட்டையைக் கழுவிக் காயவைத்துப் போடலாமா? அப்புறம், மருந்து மாத்திரை வைக்காமல் இயற்கையாகவே பூஞ்சணத்தைத் தடுக்க வழி உண்டா? அம்மா வேப்பிலையும் நொச்சியும் போடச் சொல்கிறார். ஒரு வீடியோவில் கிராம்பு எண்ணெய் தெளித்தால் போதும் என்கிறார்கள். இன்னொன்றில் ஓம எண்ணெய், வேறொன்றில் வசம்புப் பொடி. வீட்டில் இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

துறையூர் பண்ணை:

தம்பி, நாங்கள் உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் அலசி, இரண்டு வெயில் காயவைத்துக் கோழிக்குப் போட்டிருக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை. நொச்சித் தழை போட்ட மூட்டையில் வண்டு குறைவாகத்தான் இருக்கும், அது என் அனுபவம். பயப்படாதீர்கள்.

நாமக்கல் தீவனக்காரி:

தம்பி, முதலில் ஒன்று. இதைப் படித்த கையோடு போய் அந்த மூட்டைகளிலிருந்து தீனி எடுப்பதை நிறுத்துங்கள். ஐந்து மூட்டை மட்டுமல்ல, 14 மூட்டையையும். மாட்டுக்கும் சேர்த்துத்தான். மீதியை அப்புறம் நிதானமாகப் படியுங்கள்.

துறையூர் அண்ணன் மனது வருத்தப்படக் கூடாது. ஆனால் கழுவிப் போடலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. நான் 19 வருஷம் இங்கே ஒரு கோழித்தீவன ஆலையின் சோதனைக்கூடத்தில் இருந்தவள். பெரம்பலூர், தாவணகெரே, பீகார் என்று வந்து நின்ற லாரி ஒவ்வொன்றிலும் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, ஈரமும் நஞ்சும் பார்ப்பதுதான் வேலை. கழுவினால் பச்சைப் பொடி போகும், வாடையும் கொஞ்சம் குறையும். மணிக்குள் இறங்கிய நஞ்சு போகாது. அந்த நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதாக அழியாது. உப்பும் மஞ்சளும் அதை ஒன்றும் செய்யாது. அண்ணன் போட்ட சோளத்தில் நஞ்சு குறைவாக இருந்திருக்கலாம். கோழி சாகாமல் இருந்தாலும் முட்டை குறையும், போட்ட தடுப்பூசி பிடிக்காது, அறுத்துப் பார்த்தால் கல்லீரல் வெளிறி மஞ்சளாக இருக்கும். நாம் அதை வேறு நோய் என்று நினைத்துக்கொள்வோம்.

வாத்து முதலில் செத்ததே எனக்கு அடையாளம். வாத்துக்குத்தான் இந்த நஞ்சு சட்டென்று பிடிக்கும், கோழி அதைவிடத் தாங்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக்குஞ்சுகள் ஏனென்றே தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப்புண்ணாக்கைத் தோண்டிப் பார்த்த பிறகுதான் இப்படி ஒரு நஞ்சு இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சணம் உண்டாக்குவதால் அந்தப் பெயரைச் சுருக்கி அஃப்ளாடாக்சின் என்று வைத்தார்கள்.

நம் நாட்டில் மனிதர்களுக்கே நடந்திருக்கிறது. 1974-இல் ராஜஸ்தானில் பான்ஸ்வாடா, குஜராத்தில் பஞ்சமகால், இரண்டும் மலைவாழ் மக்கள் இருக்கும் மாவட்டங்கள். அறுவடை நேரத்தில் பருவம் தவறிய மழை. நனைந்த மக்காச்சோளத்தைச் சேர்த்து வைத்துச் சாப்பிட்டார்கள், வேறு தானியம் இல்லை. மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. அந்தச் சோளத்தில் கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. உணவுத் தானியத்துக்கு நம் நாட்டில் சட்டப்படி அனுமதி கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது ஒரு டன்னில் 15 மில்லிகிராம். அவர்கள் அதைப்போல நானூறு மடங்குக்கும் மேலே தின்றிருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எங்கள் மூத்த வேதியியலாளர் இதைச் சொல்லித்தான் குத்தூசியைக் கையில் கொடுத்தார். தை மழையில் நனைந்த கதிர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

சரி, இயற்கை வழிக்கு வருகிறேன். இது எனக்குப் பிடித்த விஷயம், இதற்காக நிறையப் படித்தும் செய்து பார்த்தும் இருக்கிறேன்.

நீங்கள் சொன்ன எல்லாவற்றிலும் சத்தியமாகவே பூஞ்சணத்தை அடக்கும் சரக்கு இருக்கிறது. கிராம்பில் யூஜெனால். ஓமத்தில் தைமால். இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு. எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். இவை பூஞ்சணத்தின் உடம்புச் சவ்வைக் குலைத்து, உள்ளே இருப்பதை வெளியே கசிய வைப்பவை. ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் பூஞ்சணத்தை வளர்த்து ஒரு சொட்டு ஓம எண்ணெய் விட்டால், சுற்றிலும் ஒன்றும் முளைக்காத வட்டம் விழும். அந்தப் படத்தைத்தான் வீடியோவில் காட்டுகிறார்கள். அது உண்மைப் படம்தான்.

மூட்டைக்குள் கதை வேறு. இவை எல்லாம் ஆவியாகும் எண்ணெய்கள். சாக்கில் ஆயிரம் ஓட்டை. அதோடு மக்காச்சோள மணியே எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சணத்துக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதிதான். வாசனை இருக்கும்வரை பூஞ்சணம் அடங்கிக் கிடக்கும், வாசனை போன பிறகு ஈரம் அங்கேயே இருப்பதால் மறுபடி கிளம்பும். நான் வீட்டில் செய்து பார்த்திருக்கிறேன். 17 ஈரத்தில் இருந்த சோளத்தைப் பத்துப் பத்துக் கிலோவாக மூன்று சாக்கில் கட்டினேன். ஒன்றில் ஒன்றும் போடவில்லை. ஒன்றில் இரண்டு கைப்பிடி நிழலில் உலர்த்திய வேப்பிலை. ஒன்றில் ஐந்து மில்லி கிராம்பு எண்ணெயைக் கொஞ்சம் சோள மாவில் பிசறிக் கலந்தேன். ஒன்றும் போடாதது ஒன்பதாம் நாள் பச்சை பிடித்தது. வேப்பிலை மூட்டை அதற்கு இரண்டு நாள் தள்ளி. கிராம்பு மூட்டை மூன்று வாரம் தாங்கியது, அப்புறம் சாக்கின் வாய்ப்பக்கம் முதலில் பச்சை வந்தது. வாசனை முதலில் போனதும் அந்தப் பக்கம்தான். அதில் கெடாமல் இருந்த மணியை எடுத்துப் போட்டால் கோழிகள் இரண்டு நாள் வாய் வைக்கவில்லை. பத்துக் கிலோவுக்கு ஐந்து மில்லி என்றால், மூட்டை நூறு கிலோ என்று வைத்து, உங்கள் 14 மூட்டைக்கு 700 மில்லி வேண்டும். அந்தக் காசுக்கு நல்ல படுதா இரண்டு வாங்கலாம்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பூஞ்சணத்தை முழுதாக அடக்காத அரைகுறை அளவில் மருந்து பட்டால், சில சமயம் அது நெருக்கடியில் நஞ்சைக் கூடுதலாகச் சுரக்கும். வளர்ச்சி கண்ணுக்குக் குறைந்தாற்போல் தெரியும், உள்ளே நஞ்சு கூடியிருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்வதை நான் விட்டது இதனால்தான்.

வேப்பிலை இதற்கு நேர்மாறாக வேலை செய்வது ஓர் ஆச்சரியம். 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் வேப்பிலைச் சாற்றை இந்த வகைப் பூஞ்சணத்தோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். பூஞ்சணம் வழக்கம்போல வளர்ந்தது, நஞ்சு மட்டும் ஏறக்குறைய நின்றே போனது. நஞ்சு உண்டாக்கும் வேலையையே வேப்பிலை தொடக்கத்தில் தடுத்துவிடுகிறது. ஆனால் பூஞ்சணம் அந்த வேலையைத் தொடங்கிவிட்ட பிறகு சாற்றை ஊற்றினால் பலன் இல்லை. அதுவும் சாறாக எடுத்து வளர்ப்புக் கரைசலில் கலந்தால்தான். மூட்டைக்குள் காய்ந்த இலையைப் போட்டால் அந்தச் சாறு மணிக்குப் போய்ச் சேராது. உங்கள் அம்மா சொன்ன இலை சரியான இலைதான். அம்மா காலத்தில் அது குதிருக்குள், பல்லில் வைத்தால் டக்கென்று உடைகிற அளவுக்குக் காய்ந்த தானியத்தோடு போனது. அங்கே அதன் வேலை வண்டையும் அந்துப்பூச்சியையும் விரட்டுவது. வண்டு துளைத்த மணியில்தான் பூஞ்சணம் முதலில் ஏறும், வண்டு மூச்சு விடுவதிலேயே மூட்டைக்குள் சூடும் ஈரமும் கூடும். வண்டைத் தடுத்தால் பூஞ்சணத்துக்குப் பாதி வாசலை அடைத்த மாதிரி. நொச்சியும் அப்படித்தான், துறையூர் அண்ணன் அனுபவம் அதில் சரி.

வசம்பு விதைக்கு மட்டும். விதைக்கென்று எடுத்து வைக்கிற தானியத்துக்குக் கிலோவுக்குப் பத்து கிராம் பொடி கலந்தால் வண்டு வராது, நானே செய்கிறேன். தின்கிற தானியத்தில், தீனியில் கலக்காதீர்கள். அதில் உள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பு சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள்.

தீவன ஆலையில் நாங்கள் பயன்படுத்தியது புரோபியோனிக் அமில உப்பு. பெயரைக் கேட்டால் ரசாயனம் போலத் தோன்றும், ஆனால் பாலாடைக்கட்டி புளிக்கும்போது ஒரு பாக்டீரியா தானாகவே உண்டாக்குவது இது. ரொட்டி பூசணம் பிடிக்காமல் இருக்க பேக்கரியில் போடும் கால்சியம் உப்பும் இதன் குடும்பம்தான். இது நன்றாகவே கேட்கும். ஆனால் அமிலமாக வாங்கினால் கையைப் பொத்துவிடும், தகரத்தை அரிக்கும். வீட்டில் கையாள வேண்டாம். ஆலையிலும் இதைக் காய்ந்த தீவனத்துக்குத்தான் போட்டோம், ஈரச் சோளத்தைக் காயவைப்பதற்கு மாற்றாக அல்ல.

இவ்வளவு சொன்னதற்குக் காரணம் ஒன்றுதான். இந்தப் பூஞ்சணத்தை எந்த இலையையும்விட, எண்ணெயையும்விட நன்றாக அடக்குவது ஈரமின்மை. மக்காச்சோளம் 12, 13-க்குக் கீழே வந்துவிட்டால் அதற்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, வளராது. 17-இல் வைத்த மூட்டைக்கு மருந்தே கிடையாது. வேப்பிலையோ நொச்சியோ காய்ந்த மணிக்குத்தான் துணை.

இப்போது செய்ய வேண்டியது. ஐந்து மூட்டையை மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கிளறாமல் அப்படியே தூக்கி, கிணற்றுக்கும் காட்டுக்கும் தள்ளி ஆழமாகக் குழி எடுத்துப் புதைத்துவிடுங்கள். சாக்கைக் கொளுத்திவிடுங்கள், திரும்பப் பயன்படுத்த வேண்டாம். மாடு சாணி போடும் எருக்குழியில் கொட்டாதீர்கள், கோழி கிளறும்.

மீதி ஒன்பது மூட்டைக்கு உப்புச் சோதனை செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணி, இரண்டு மூன்று தேக்கரண்டி வறுத்து ஆறிய தூள் உப்பு. மூடி ஒரு நிமிஷம் குலுக்குங்கள். கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டி நின்றால் ஈரம் 15-க்கு மேல். ஒட்டாமல் கீழே விழுந்தால் 15-க்குள். மூட்டைக்கு மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுங்கள்.

மாட்டுக்கு எவ்வளவு நாள் போட்டீர்கள், பால் வீட்டுக்கா கூட்டுறவுக்கா என்று எழுதுங்கள்.

கரிசல்காட்டான்:

அக்கா, ரொம்ப நன்றி. ராத்திரியே தீனியை நிறுத்திவிட்டேன். நேற்று குழி எடுத்துப் புதைத்தாயிற்று. ஒன்பது மூட்டையில் ஆறில் உப்பு ஒட்டுகிறது. மூன்றில் ஒட்டவில்லை, அவை மேல் அடுக்கில் இருந்தவை.

மாட்டுக்கு இரண்டு வாரமாகத் தினம் இரண்டு கிலோ அரைத்துப் போட்டோம். பால் பாதி வீட்டுக்கு, பாதி சொசைட்டிக்கு. சின்னப் பெண் இருக்கிறாள், மூன்று வயது. எழுதும்போதே கை நடுங்குகிறது. பாலைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடுமா?

அந்த மூன்று மூட்டையையாவது போடலாமா? எவ்வளவு காயவைக்க வேண்டும்? எங்கள் பக்கம் காயவைத்தால் எடை குறைகிறது என்று யாருமே காயவைப்பதில்லை. ரோட்டில் ஒரு நாள் பரப்பி அள்ளுவதோடு சரி.

நாமக்கல் தீவனக்காரி:

தம்பி, பயம் வேண்டாம். ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். மாடு தின்ற நஞ்சில் ஒரு சிறு பங்கு, நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை, உருமாறிப் பாலில் வரும். அதற்கு எம்1 என்று பெயர். காய்ச்சினால் போகாது. ஆனால் கெட்ட தீனியை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும். நீங்கள் நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது. இன்னும் மூன்று நாள் வீட்டுக்கும் எடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள், மண்ணில் கொட்டுங்கள். மனது வலிக்கும், எனக்குத் தெரியும். பாப்பாவுக்குப் பசி எடுக்கிறதா, சுறுசுறுப்பாக இருக்கிறாளா என்று பாருங்கள். கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ வயிறு வீங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் ஒரு தடவை காட்டிவிடுவது உங்கள் மனதுக்கு நல்லது.

காயவைப்பது பற்றி. 17-இல் இருந்து 12-க்குக் கொண்டுவந்தால் 100 கிலோவில் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் போகும். 18 என்றால் ஏழு கிலோ. விற்கிற மூட்டையில் அந்த எடை காசு, அதனால் யாரும் காயவைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். லாரியில் வந்த ஈரச் சோளத்தைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் கொண்டு வந்தவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் வீட்டுக்கு வைக்கிற மூட்டையில் அந்த ஆறு கிலோ யாருக்கும் நஷ்டமில்லை. மாடு தண்ணீரைத் தொட்டியில் குடித்துக்கொள்ளும்.

மண்ணிலோ தார் ரோட்டிலோ வேண்டாம், படுதாவில் இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்புங்கள். மணிக்கு ஒரு தடவை கிளறுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் குவித்து மூடிவிடுங்கள், பனி இறங்கினால் பகலெல்லாம் காய்ந்தது வீண். பங்குனி வெயிலுக்கு மூன்று நாள் தாராளம். உப்புச் சோதனை 15 வரைதான் சொல்லும், அதனால் உப்பு ஒட்டாமல் வந்த பிறகும் இன்னும் ஒரு முழு வெயில் கொடுங்கள். கட்டும் முன் நிழலில் ஆறவிடுங்கள். சூட்டோடு கட்டினால் ராத்திரி உள்ளேயே வியர்த்து நனையும்.

காயும்போதே புடைத்து, உடைந்தது, நிறம் மாறியது, வண்டு துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். நஞ்சு எல்லா மணியிலும் ஒரே மாதிரி இருக்காது. ஆயிரம் மணியில் பத்து மணி நஞ்சைச் சுமந்து நிற்கும். ஈரமாக இருக்கும்போது மெஷினில் அடித்தால் மணி நிறைய உடையும், உடைந்த மணிதான் முதலில் பிடிக்கும்.

போடலாமா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஒவ்வொரு மூட்டையிலும் ஐந்து இடத்தில் கை நுழைத்து எடுங்கள். மூன்று மூட்டையை ஒன்றாகவும் ஆறு மூட்டையை ஒன்றாகவும் கலந்து, இரண்டு இரண்டு கிலோ கட்டி எடுத்துக்கொண்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு வாருங்கள். காகிதத்தில் ஒரு கைப்பிடி மடித்துக் கொண்டுவந்தால் பிரயோஜனமில்லை, அந்தப் பத்து மணி கைப்பிடிக்குள் வராமலே போய்விடும்.

போளூர் செக்கு:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுடையது நிலக்கடலை, மரச்செக்கு வைத்து ஆட்டுகிறோம். கடலையிலும் இதே பூஞ்சணம்தானே? காயோடு வைத்தால் வராது என்கிறார்கள். சித்திரைப் பட்டத்துக் காயில்தான் அதிகம் பார்க்கிறேன்.

நாமக்கல் தீவனக்காரி:

அதே பூஞ்சணம்தான் அண்ணா. நிலக்கடலைதான் இயற்கை மருந்துக்கு நல்ல உதாரணம், நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். கடலைப்பருப்புக்குத் தன் மருந்தைத் தானே செய்துகொள்ளத் தெரியும். பருப்பில் காயம் பட்டாலோ பூஞ்சணம் தொட்டாலோ ஸ்டில்பீன் என்ற வகைச் சரக்கைச் சுரந்து அந்த இடத்தைக் காக்கும். திராட்சைத் தோலில் இருக்கிறதே ரெஸ்வெரட்ரால், அது இந்தக் குடும்பம்தான். ஆனால் அதைச் சுரக்கப் பருப்பில் ஈரம் நிறைவாக இருக்க வேண்டும். அறுவடைக்கு முந்திய மூன்று நான்கு வாரம் மண் காய்ந்து சூடேறினால் பருப்பு வாடும், மருந்து சுரப்பது நின்றுபோகும், பூஞ்சணமோ அந்தச் சூட்டிலும் வளரும். மண்ணுக்குள்ளேயே நஞ்சு ஏறிவிடுகிறது. நீங்கள் பார்த்தது சரி, கடைசியில் வறட்சி பட்ட காயில்தான் அதிகம் வரும்.

அதனால் கடலைக்கு மருந்து என்பது கடைசித் தண்ணீர். கிணற்றில் இருந்தால் அந்த வாரங்களில் ஒரு நனைப்பாவது கொடுங்கள். பூப்பூத்து விழுது மண்ணில் இறங்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால் ஓடு கெட்டியாகும், பூச்சியும் பூஞ்சணமும் நுழைவது குறையும். விதைக்கு டிரைகோடெர்மா விரிடி கிலோவுக்கு நான்கு கிராம் நேர்த்தி செய்யுங்கள், அதுவும் உயிருள்ள இயற்கை மருந்துதான், மண்ணிலிருக்கும் கெட்ட பூஞ்சணத்தோடு இடத்துக்கும் தீனிக்கும் போட்டி போடும். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கப் புரட்டிப் போட்டு உலர்த்துங்கள். காய் 8-க்குக் கீழே வரவேண்டும், கையில் எடுத்து ஆட்டினால் பருப்பு கலகலக்கும். ஓடோடு வைப்பது நல்லதுதான், ஆனால் உடைந்த காயைப் பொறுக்கிவிட்ட பிறகு.

செக்குக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஆட்டும் முன் சுருங்கியது, கறுத்தது, முளைவிட்டது எல்லாவற்றையும் கையால் பொறுக்க ஆள் வையுங்கள். நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கோடு போய் மாட்டின் வயிற்றுக்கு வரும். எண்ணெயிலும் கொஞ்சம் நிற்கும். பெரிய ஆலையில் காரம் போட்டுச் சுத்திகரிக்கும்போது அது கழிந்துவிடும், மரச்செக்கில் அந்த வேலை கிடையாது. உங்களிடம் இருக்கும் சுத்திகரிப்பு கைப்பொறுக்குதான்.

துறையூர் பண்ணை:

நாமக்கல் அம்மா சொன்னதைப் படித்தேன். போன ஐப்பசியில் எங்கள் கோழிகளில் முட்டை பாதியாகக் குறைந்தது, வெயில் இல்லாததால் என்று நினைத்திருந்தேன். தம்பி, நான் சொன்னபடி செய்யாதீர்கள். ஆக்சிஜன் போகாத பிளாஸ்டிக் பைகள் வந்திருக்கின்றனவே, அது எப்படி?

நாமக்கல் தீவனக்காரி:

நல்ல பைதான் அண்ணா. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் கேமரூன் நாட்டுத் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக 1980-களின் கடைசியில் கண்டுபிடித்த முறை அது. உள்ளே இரண்டு கனமான பிளாஸ்டிக் பை, வெளியே ஒரு சாக்கு. காற்றை அமுக்கி எடுத்து ஒவ்வொன்றாக முறுக்கிக் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் வண்டே மீதி ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் செத்துவிடும். மாத்திரை வைக்க வேண்டியதில்லை. காய்ந்த தானியத்துக்கு மட்டும். ஈரத்தோடு கட்டினால் புளித்து நாறும். எலி ஓட்டை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரிசல்காட்டான்:

அக்கா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பாப்பாவை மருத்துவரிடம் காட்டினோம், கல்லீரல் சோதனையும் எடுத்தார், எல்லாம் சரியாக இருக்கிறது. பாலை நீங்கள் சொன்னபடி மூன்று நாள் கொட்டினோம். அம்மாதான் ரொம்ப அழுதார்.

நாமக்கல்லில் சோதித்ததில் மூன்று மூட்டை மாதிரியில் நஞ்சு கிலோவுக்கு 9 மைக்ரோகிராம் வந்தது. ஆறு மூட்டை மாதிரி 140. அந்த ஆறையும் புதைத்துவிட்டோம். மூன்றைப் பொறுக்கிக் காயவைத்துக் கோழிக்கு மட்டும் போடுகிறேன், மாட்டுக்குத் தவிடும் சோளத்தட்டையும்தான். வாத்து ஐந்தும் பிழைத்துக்கொண்டன.

வரும் தைக்கு இரண்டு பெரிய படுதா வாங்கிவிட்டேன். கொட்டகையில் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பலகை போட்டுப் பரண் மாதிரி கட்டுகிறேன். அந்தப் பைகள் இங்கே எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம். எங்கள் காட்டில் படைப்புழு கதிர் நுனியைத் தின்றுவிடுகிறது. அந்தக் கதிர்களைத் தனியாக ஒடித்துத் தனியாக அடிக்க வேண்டுமா?

நாமக்கல் தீவனக்காரி:

9 நல்ல எண்தான், கோழித் தீனிக்கு நாங்கள் ஆலையில் 20-க்குள் இருந்தால் எடுப்போம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். வேப்பிலையை விட வேண்டாம், காய்ந்த மூட்டையில் போடட்டும்.

ஆமாம் தம்பி, தனியாக ஒடியுங்கள். 2018-இல் படைப்புழு வந்ததிலிருந்து உங்கள் மாவட்டத்துச் சோளத்தில் இந்தத் தொந்தரவு கூடியதை நான் லாரியிலேயே பார்த்தேன். புழு தின்ற நுனி வழியாகப் பூஞ்சணம் காட்டிலேயே உள்ளே போய்விடும். ஒடிக்கும்போதே ஆளுக்கு ஒரு சாக்கு கூடுதலாகக் கொடுத்து, நுனி கறுத்த கதிரை அதில் போடச் சொல்லுங்கள். அதை வீட்டு மூட்டையில் சேர்க்காதீர்கள்.